புவி இயற்பியல் தேடிப் போகாத மாணவர்கள்

அமெரிக்காவில் புவி அறிவியல் துறைகளில் கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் சமூகத்தினர், பூர்வகுடியினர் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்ற கேள்வி பழையது. அதற்குக் கணக்கோடு பதில் தேடிய கட்டுரை ஒன்று 2018இல் வெளிவந்தது. ரேச்சல் பெர்னார்ட், எமிலி கூப்பர்டாக் என்ற இரு ஆய்வாளர்கள், நாற்பதாண்டுக்கு மேற்பட்ட முனைவர் பட்டப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். 2016இல் அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களும் வாங்கிய புவி அறிவியல் முனைவர் பட்டங்களில் 6 சதவீதம்தான் இந்தச் சமூகங்களுக்குப் போயிருந்தது. அதே ஆண்டில் நாட்டின் மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கு 31 சதவீதம். நாற்பது ஆண்டுகளில் முன்னேற்றமே இல்லை என்று அவர்கள் எழுதியதை மறுக்க யாராலும் முடியவில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, பள்ளிப் பிள்ளைகளைப் பாறைகள் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போய் ஆர்வத்தைத் தூண்டுவது. நல்ல காரியம்தான். ஆனால் அதன் பலன் தெரியப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். இதற்கிடையில் நாளையே பேசிப் பார்க்கக்கூடிய ஒரு கூட்டம் கண்ணெதிரே இருக்கிறது: கல்லூரியில் இயற்பியலைப் பாடமாக எடுத்து இரண்டாம், மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கும் சிறுபான்மை மாணவர்கள். பூமியின் உள்ளமைப்பை இயற்பியல் முறைகளால் அளந்து அறியும் புவி இயற்பியல் என்ற துறைக்குத் தேவையான கணிதமும் அலைக் கோட்பாடும் மின்காந்தவியலும் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. இப்படி ஒரு துறை இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் குறை.

சொல்லாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டிட அமைப்பிலேயே இருக்கிறது. கறுப்பின மக்களுக்காக வரலாற்றில் தொடங்கப்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அமெரிக்காவில் சுமார் நூறு. அவற்றில் இயற்பியல் பட்டம் தரும் துறைகள் கணிசமாக உண்டு. புவி அறிவியல் துறை உள்ளவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆக, அங்கே படிக்கும் ஒரு மாணவி நிலநடுக்கவியல் என்ற சொல்லைப் பேராசிரியர் வாயிலிருந்து கேட்காமலேயே நான்கு ஆண்டுகளை முடித்துவிடலாம். புவி அறிவியல் துறை இருக்கிற பெரிய பல்கலைக்கழகங்களிலும் அது இயற்பியல் துறைக்கு வேறொரு கட்டிடத்தில், வேறொரு டீனின் கீழ் இருக்கும். இயற்பியல் பாடத்திட்டத்தில் குவாண்டம் இயக்கவியல் கட்டாயம். பூமியின் காந்தப்புலம் எப்படி உண்டாகிறது என்பது பெரும்பாலும் விருப்பப் பாடமாகக்கூட இருக்காது.

இயற்பியல் துறையும் இந்த மாணவர்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்க இயற்பியல் நிறுவனம் அமைத்த பணிக்குழு 2020 ஜனவரியில் தந்த அறிக்கை, இளநிலை இயற்பியல் பட்டங்களில் கறுப்பின மாணவர்களின் பங்கு 1990களின் பிற்பகுதியில் 5 சதவீதம் அளவில் இருந்து பிறகு 4 சதவீதத்துக்கும் கீழே சரிந்ததைக் காட்டியது. அதே காலத்தில் இயற்பியல் பட்டம் வாங்கியவர்களின் மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. மாணவர்கள் விலகுவதற்கு அறிவுக் குறை காரணம் இல்லை என்பதை அந்த அறிக்கை தெளிவாகவே சொல்கிறது. ‘நான் இங்கே உள்ளவன்தான்’ என்ற உணர்வு கிடைக்காதது, தன்னை ஓர் இயற்பியலாளராக மற்றவர்கள் பார்க்காதது, பணக் கஷ்டம், துணை நிற்காத துறைத் தலைமை ஆகியவைதான் அதில் வரிசையாக வருகின்றன. இவற்றோடு நான் இன்னொன்றைச் சேர்ப்பேன். இதைப் படித்து முடித்து என்ன செய்யப்போகிறாய் என்று வீட்டில் கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லாமல் இருப்பது. துகள் இயற்பியல், விண்மீன் இயற்பியல், இல்லையென்றால் கணினி நிறுவனம் என்ற மூன்றே கதவுகள் இருப்பதாக நினைக்கும் மாணவருக்கு நான்காவது கதவைக் காட்டுவது அவரை இயற்பியலிலேயே தங்க வைக்கவும் உதவும்.

அந்தக் கதவு வழியாக ஏற்கெனவே சிலர் போயிருக்கிறார்கள். அவர்கள் கதைகள் போதிய அளவு சொல்லப்படவில்லை.

ராண்டால்ஃப் புரோமரி 1926இல் மேரிலாந்தின் கம்பர்லண்டில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கறுப்பின விமானப் படையினரான டஸ்கீகி விமானிகளில் ஒருவராகப் பணியாற்றினார். 1948இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் விமானம் மூலம் அளக்கும் பிரிவில் சேர்ந்தார். விமானத்தில் காந்தமானியை வைத்துக்கொண்டு பறந்து, கீழே உள்ள பாறைகளின் காந்தத்தன்மை இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்யும் வேலை. வேலை பார்த்துக்கொண்டே ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டத்தை 1956இல் முடித்தார். அதன் பிறகுதான் புவி இயற்பியலில் முதுநிலை, 1968இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முனைவர் பட்டம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்துக்கு வேந்தரானார். 1989இல் அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் தலைவரானார். அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். கணிதமும் கருவியும் முதலில், பாறை பிறகு என்பதுதான் அவர் வந்த வரிசை.

வாரன் வாஷிங்டனின் வழியும் ஏறக்குறைய அதுவே. 1936இல் போர்ட்லண்டில் பிறந்தவர். பள்ளியில் வேதியியல் ஆசிரியையிடம் முட்டையின் மஞ்சள் கரு ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டபோது, ‘நீயே கண்டுபிடியேன்’ என்று அவர் திருப்பி அனுப்பியதைப் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம், அங்கேயே வானிலையியலில் முதுநிலை, 1964இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். வளிமண்டல அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பின அமெரிக்கர் அவர். காற்றும் வெப்பமும் ஈரமும் கீழ்ப்படியும் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்துப் புவியின் காலநிலையை மாதிரியாக்கும் முயற்சியில் 1960களிலேயே இறங்கியவர்களில் ஒருவர். இன்று காலநிலை மாற்றம் பற்றி உலகம் பேசும் கணிப்புகளுக்கு வித்திட்ட வேலை அது. 2009ஆம் ஆண்டுக்கான தேசிய அறிவியல் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 2024இல் மறைந்தார்.

கிளாடிஸ் வெஸ்ட் கணிதம் படித்தவர். 1956இல் வர்ஜீனியாவின் டால்கிரென் கடற்படை ஆய்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே அவரையும் சேர்த்துக் கறுப்பின ஊழியர்கள் நான்கு பேர்தான். பூமி சரியான உருண்டை இல்லை. நிறை எங்கே கூடுதலோ அங்கே ஈர்ப்பு சற்றுக் கூடி, கடல் மட்டத்தின் வடிவமே மேடு பள்ளமாகிறது. செயற்கைக்கோள்களின் உயரமானித் தரவுகளிலிருந்து அந்த வடிவத்தைத் துல்லியமாகக் கணக்கிடும் பணியில் அவர் பல ஆண்டுகள் உழைத்தார். ஜி.பி.எஸ். சரியான இடத்தைக் காட்டுவதற்கு அந்த வடிவம் தேவை. அவரது பங்கு பொதுவெளியில் பேசப்பட்டது 2018ஐ ஒட்டித்தான். இவ்வளவு காலம் வெளியே தெரியாமல் இருந்ததே இங்கே சொல்லவேண்டிய விஷயம். அவரைப் பற்றி அறியாமலே எத்தனை கறுப்பின மாணவிகள் கணித, இயற்பியல் பட்டங்களை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் போயிருப்பார்கள்!

சுத்தியலும் பலகையும்

புவி இயற்பியல் என்றால் ‘இயற்பியலில் தேறாதவர்கள் போகும் இடம்’ என்றொரு எண்ணம் இயற்பியல் துறைகளில் உலவுகிறது. அதைப் பேச்சால் மாற்ற முடியாது, ஒரு சோதனையைச் செய்து காட்டினால் மாறும். இரண்டாம் ஆண்டு மாணவரே செய்துவிடக்கூடிய ஒன்றைப் பார்ப்போம்.

ஒரு திடலில் நேர்கோட்டில் சம இடைவெளியில் 24 நில அதிர்வு உணரிகளைக் குத்தி வையுங்கள். கோட்டின் ஒரு முனையில் உலோகத் தகட்டைத் தரையில் போட்டு, கனத்த சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். ஒவ்வோர் உணரியிலும் முதல் அதிர்வு வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்து, தூரத்துக்கு எதிராக வரைபடமாக்குங்கள். முதல் சில உணரிகளுக்குப் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து, மேல் மண்ணில் அலை விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தாண்டியதும் வரைபடம் சட்டென்று மடங்கிச் சாய்வு குறைகிறது. இப்போது வேகம் விநாடிக்கு 1,500 மீட்டர். தண்ணீரில் ஒலியின் வேகம் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது அலை கீழே இறங்கி, நீர் நிறைந்த மண்ணடுக்கின் மேற்பரப்பை ஒட்டி வேகமாக ஓடி, மீண்டும் மேலேறி வந்திருக்கிறது. தூரம் அதிகமென்றாலும் விரைவுச் சாலையில் வந்ததால் முந்திக்கொண்டது.

ஒளி விலகல் விதியை எழுதி, இரண்டு பாதைகளின் நேரத்தையும் சமன் செய்தால் ஆழம் கிடைக்கும்: மடங்கும் தூரத்தில் பாதியை, வேகங்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 10 மீட்டரை, 1,000/2,000 என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் சுமார் 7 மீட்டர். ஒரு குழியும் தோண்டாமல் நிலத்தடி நீர்மட்டத்தின் ஆழம் கைக்கு வந்துவிட்டது. ஒளிக்கற்றையையும் கண்ணாடிப் பாளத்தையும் வைத்துப் படித்த அதே விதி, ஓர் ஊர் எங்கே கிணறு வெட்டலாம் என்று சொல்லும் இடத்துக்கு வந்து நிற்கிறது.

இதே விதியைப் பெரிய அளவில், பூமியின் முழுக் குறுக்களவுக்கு நீட்டியவர்கள்தான் பூமியின் மையப் பகுதியான உலோகக் கருவம் திரவமாக இருப்பதைக் கண்டார்கள். 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன், நிலநடுக்க அலைகள் வரக்கூடாத இடத்தில் வந்ததை வைத்து அந்தத் திரவத்துக்கும் உள்ளே உட்கருவம் என்ற ஒன்று இருப்பதைச் சொன்னார். 2018இல் செவ்வாயில் இறங்கிய இன்சைட் விண்கலம் அங்கே ஒரு நில அதிர்வுமானியை வைத்து அதே வேலையைச் செய்தது. கடினமான இயற்பியல் வேண்டும் என்பவர்களுக்கும் இங்கே குறைவில்லை. சுழலும் திரவ இரும்பு எப்படிக் காந்தப்புலத்தை உண்டாக்கித் தாங்கி நிற்கிறது என்ற கேள்வியின் சமன்பாடுகளைப் பூமியின் உண்மையான நிலைமைகளில் தீர்க்க இன்றைய மிகப் பெரிய கணினிகளாலும் முடியவில்லை. அதைவிட அடிப்படையான சிக்கலும் உண்டு. மேலே நின்று அளந்த ஈர்ப்பு எண்களுக்குப் பொருந்தும் உள்ளமைப்புகள் எண்ணற்றவை. அவற்றில் எது உண்மை என்று எப்படித் தேர்ந்தெடுப்பது? விடையிலிருந்து கேள்வியைக் கண்டுபிடிக்கும் இந்தக் கணித வகைக்கென்று ஒரு முழுத் துறையே வளர்ந்து, மருத்துவ ஸ்கேன் வரை அதன் முறைகள் பயன்படுகின்றன.

காலுக்குக் கீழே இருப்பது

இந்தத் துறைக்கும் அமெரிக்கச் சிறுபான்மையினருக்கும் இருக்கும் உறவு வேலைவாய்ப்போடு முடிவதில்லை. பல சமூகங்களுக்கு அவர்களுடைய காலுக்குக் கீழே இருப்பதே வழக்காக நிற்கிறது.

புளோரிடாவின் டாம்பா நகரில் 1901இல் தொடங்கப்பட்ட ஸயன் இடுகாடு, அந்த நகரின் முதல் கறுப்பின இடுகாடு. காலப்போக்கில் அது வரைபடத்திலிருந்து காணாமல் போனது. அந்த நிலத்தின் மேல் ரோபிள்ஸ் பார்க் குடியிருப்பும் வேறு கட்டிடங்களும் எழுந்தன. 2019இல் நிலத்தை ஊடுருவும் ரேடார் கருவியை அங்கே உருட்டிப் பார்த்தார்கள். குடியிருப்பின் அடியில் 120க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள் இருப்பது தெரிந்தது. அந்தக் கருவியின் திரையில் பெட்டியோ எலும்போ தெரியாது. கருவி நெருங்கி வரும்போது எதிரொலி வரும் நேரம் குறைந்து, நேர்மேலே வரும்போது மிகக் குறைவாகி, விலகும்போது மீண்டும் கூடுவதால் ஒரு வளைவு விழும், கவிழ்த்த கிண்ணம் போல. அலை உலர் மண்ணில் நானோவிநாடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் போகிறது என்று கொண்டால், 30 நானோவிநாடியில் திரும்பிய எதிரொலி ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. அத்தகைய வளைவுகள் வரிசை தவறாமல், ஒரே ஆழத்தில், சம இடைவெளியில் வந்தால் அது இயற்கையாக அமைந்தது இல்லை என்று புரிந்துவிடும். அந்த வரிசையைப் பார்த்து இன்னதென்று அறியும் கண், அந்த மக்களின் பேரன் பேத்திகளில் ஒருவருடையதாகவும் இருக்க வேண்டாமா?

கருவி சொல்வதன் எல்லையையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். 1921இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கறுப்பின மக்கள் மீது நடந்த படுகொலையில் இறந்தவர்களின் கூட்டுக் கல்லறைகளைத் தேடி 2019இல் ஓக்லான் இடுகாட்டில் புவி இயற்பியல் ஆய்வு நடந்தது. கருவிகள் சுட்டிய ஓர் இடத்தை 2020 ஜூலையில் தோண்டியபோது எதுவும் கிடைக்கவில்லை. அக்டோபரில் இடுகாட்டின் வேறொரு பகுதியில் தோண்டியபோது வரிசையாகச் சவப்பெட்டிகள் வெளிப்பட்டன. 2024 ஜூலையில், முதல் உலகப் போரில் பணியாற்றிய ஒருவரின் எச்சங்கள் மரபணுச் சோதனையில் அடையாளம் காணப்பட்டன. மண் கலைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே ரேடார் சொல்லும். ஏன் கலைக்கப்பட்டது என்பதை ஆவணங்களும் ஊர் நினைவும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். ஊர் நினைவைக் கேட்கத் தெரிந்தவர் கருவியையும் இயக்கத் தெரிந்தவராக இருந்தால் வேலை எவ்வளவு சுலபமாகும்.

அதே ஓக்லஹோமாவில் 2016 செப்டம்பர் 3 அன்று 5.8 அளவிலான நிலநடுக்கம் பானி நகரை உலுக்கியது. அமெரிக்காவுக்குள்ளேயே தன்னாட்சி நடத்தும் பூர்வகுடி அமைப்புகளில் ஒன்றான பானி பழங்குடி நாட்டின் கட்டிடங்கள் சேதமடைந்தன. அவர்கள் தங்கள் பழங்குடி நீதிமன்றத்திலேயே எண்ணெய் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். எண்ணெய் எடுக்கும்போது வரும் உப்புநீரை ஆழக் கிணறுகளில் செலுத்தியதே அந்தப் பகுதியில் நிலநடுக்கங்கள் பெருகக் காரணம் என்பது இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிவு. அதன் இயற்பியல் முதலாமாண்டுப் பாடம்தான். பாறைப் பிளவின் இரு பக்கங்களையும் நழுவாமல் பிடித்திருப்பது உராய்வு. உராய்வு, இரு பக்கங்களும் ஒன்றையொன்று அழுத்தும் விசையைப் பொறுத்தது. பிளவுக்குள் நீரின் அழுத்தம் ஏறினால் அந்த அழுத்தும் விசை குறையும். பிடி தளர்ந்து பிளவு நழுவும். கிணற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீதிமன்றத்தில் விளக்குகிறவர் பழங்குடி நாட்டின் சொந்த நிபுணராக இருப்பதற்கும், வாடகைக்கு அழைத்து வந்தவராக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

நவஹோ பழங்குடி நாட்டில் 1944 முதல் 1986 வரை ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாது தோண்டப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500க்கு மேல். கதிர்வீச்சு எங்கே பரவியிருக்கிறது, நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்பதெல்லாம் அளந்து அறியவேண்டியவை. லூசியானாவில் ழான் சார்ல் தீவில் வாழ்ந்த பூர்வகுடியினர், நிலம் அமிழ்ந்து கடல் ஏறியதில் ஊரையே விட்டு நகரவேண்டியதாயிற்று. போர்ட்டோ ரிக்கோவின் தென்மேற்கை 2020 ஜனவரி 7இல் 6.4 அளவு நிலநடுக்கம் தாக்கியபோது, மக்களுக்கு அவர்கள் மொழியில் விளக்கம் சொன்னது மயாகுவெஸ் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இயங்கும் நில அதிர்வு வலையமைப்பு.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ‘உன் சமூகத்துக்குச் சேவை செய்ய வா’ என்ற ஒரே அழைப்பை மட்டும் இந்த மாணவர்களிடம் நீட்டுவது நியாயமில்லை. வெள்ளையின மாணவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர் செவ்வாயின் கருவத்தை ஆராய விரும்பினால் போய் ஆராய்கிறார். கறுப்பின மாணவிக்கும் அந்த உரிமை முழுதாக உண்டு. அவர் டாம்பாவைத் தேர்ந்தெடுக்கலாம், செவ்வாயையும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் மேசையில் இருக்கின்றன என்று காட்டுவதோடு அழைப்பவரின் வேலை முடிகிறது.

போகும் வழியில் உள்ள முட்கள்

தயக்கத்துக்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. அவற்றை மூடி மறைத்து ஆள் சேர்த்தால், சேர்ந்தவர் இரண்டே ஆண்டில் வெளியேறுவார்.

முதலாவது களப்பணி. ஆளரவமற்ற இடத்தில், யாருடைய நிலத்தின் ஓரத்திலோ, கையில் புரியாத கருவியோடு நிற்கும் கறுப்பின இளைஞரைப் பார்த்துப் போலீசுக்கு போன் செய்யும் நாடு அது. 2020இல் இதைக் கறுப்பின ஆய்வாளர்களே வெளிப்படையாக எழுதினார்கள். முன்கூட்டியே உள்ளூரில் தகவல் சொல்வது, தனியே அனுப்பாமல் இருப்பது, அடையாளம் தெரியும் உடையும் கடிதமும் தருவது எனப் பல யோசனைகளை முன்வைத்தார்கள். இவற்றைச் செய்யாத ஆய்வுக்குழு மாணவர்களை அழைக்கும் தகுதியை இன்னும் பெறவில்லை என்றே நான் சொல்வேன். அதேநேரம், புவி இயற்பியலாளர்களில் பெரும் பகுதியினர் வாழ்நாளில் பெரும்பாலான நேரத்தைக் கணினி முன்னாலோ ஆய்வகத்திலோ கழிப்பவர்கள் என்பதும் உண்மை. கூடாரமும் மலையேற்றமும் பிடிக்காதவர்களுக்கு இங்கே இடமில்லை என்ற எண்ணத்தைத் துறையின் விளம்பரப் படங்களே வளர்த்துவிட்டன.

இரண்டாவது பணம். முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்கும் வீட்டில் முனைவர் பட்டம் என்றாலே இன்னும் ஐந்தாறு ஆண்டு கடன் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் புவி இயற்பியல் முனைவர் படிப்புகளில் பொதுவாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி, கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ ஈடாக மாதாமாதம் உதவித்தொகையும் கிடைக்கும். அது தாராளமான தொகை இல்லை. ஆனால் கடன் இல்லை. இதை யாராவது வாய்விட்டுச் சொன்னாலன்றி அந்த வீட்டுக்குத் தெரிய வழியில்லை. இயற்பியல் முனைவர் படிப்புகள் பல காலம் கேட்டுவந்த இயற்பியல் ஜி.ஆர்.இ. தேர்வைப் புவி இயற்பியல் துறைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. புவியியல் பாடம் ஒன்றுகூடப் படிக்காமல் வருபவர்களையும் சேர்த்துக்கொண்டு, விடுபட்டதை முதலாண்டில் படிக்க வைக்கிறார்கள்.

மூன்றாவது வேலையின் நிச்சயமின்மை. எண்ணெய் விலை ஏறினால் நிறுவனங்கள் வாரி அழைப்பதும், 2014-16இலும் 2020இலும் நடந்ததுபோல விலை விழுந்தால் கூட்டமாக வெளியேற்றுவதும் இந்தத் துறையின் பழைய நோய். நிலத்தடி நீர், அணைகளின் உறுதி, புவிவெப்ப மின்சாரம், மின்கலங்களுக்குத் தேவையான கனிமங்கள், கரியமில வாயுவைப் பாறைக்குள் அடைப்பது என்று வேலைகள் இப்போது விரிந்திருப்பதால் எண்ணெயை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. புவி அறிவியலாளர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 90 ஆயிரம் டாலருக்கு மேல் என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் சொல்கிறது.

நான்காவது, அரசியல். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு முட்டுக்கட்டை போட்டது. 2025 ஜனவரி முதல் கூட்டாட்சி அரசு பன்மைத்துவத் திட்டங்களுக்கு எதிராகத் திரும்பியது. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் நடந்த பல திட்டங்கள் பாதியில் ரத்தாயின. பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய பாலங்கள் இப்படி இடிக்கப்படுவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. ஆனால் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறைக்கு நேரில் போய் ஒரு மணி நேரம் பேசுவதற்கு எந்தச் சட்டத்தின் அனுமதியும் வேண்டாம். எல்லோருக்கும் திறந்த பயிற்சி ஒன்றை, இதுவரை யாரும் எட்டிப் பார்க்காத கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதையும் யாரும் தடுக்கவில்லை.

பலன் தந்த முறைகள் முன்னாலேயே இருக்கின்றன. ஜார்ஜியாவின் ஃபோர்ட் வேலி மாநிலப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்கான சிறிய கல்வி நிறுவனம். 1983இல் தொடங்கிய அதன் எரிசக்தித் திட்டத்தில் மாணவர்கள் மூன்றாண்டு அங்கே கணிதமோ அறிவியலோ படித்துவிட்டு, டெக்சாஸ், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்களில் இரண்டாண்டு புவி இயற்பியலோ பொறியியலோ படித்து இரண்டு பட்டங்களோடு வெளியே வருகிறார்கள். புதிய துறை ஒன்றைக் கட்ட வசதியில்லாத கல்லூரி, இருக்கிற கணித, அறிவியல் துறைகளையே படிக்கட்டாக்கிக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நியூ மெக்சிகோவில் 1983இல் தொடங்கிய கோடைக்காலக் களப் பயிற்சி ஒன்றில் இயற்பியல் மாணவர்களும் சேர்ந்து ஈர்ப்பு, அதிர்வு, மின்காந்த அளவீடுகளைத் தாங்களே செய்து பழகியிருக்கிறார்கள்.

வசதி இல்லாத கல்லூரிக்கு இன்னொரு கை கொடுப்பது தரவு. உலகெங்குமுள்ள நில அதிர்வு நிலையங்களின் பதிவுகள் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கின்றன. அவற்றை அலச ஓப்ஸ்பை போன்ற மென்பொருள்களும் இலவசம். துகள் முடுக்கியோ பெரிய தொலைநோக்கியோ இல்லாத கல்லூரியில் ஒரு மாணவர் நேற்று நடந்த நிலநடுக்கத்தின் அலைகளை எடுத்து, அது எங்கே எவ்வளவு ஆழத்தில் நடந்தது என்று தானே கணக்கிட முடியும். பெரிய பல்கலைக்கழகத்தில் இருப்பவரிடம் உள்ள அதே தரவு, அதே கருவி. இயற்பியலின் வேறெந்தக் கிளையிலும் இவ்வளவு சமமான தொடக்கக் கோடு அபூர்வம்.

அழைக்க நினைக்கும் புவி இயற்பியல் துறைகள் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிகளுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் வந்து உரை நிகழ்த்திவிட்டுப் போனால் மாணவருக்கு ஒரு வருடம் வீண். செப்டம்பர், அக்டோபரில் வர வேண்டும். சுத்தியலும் 24 உணரிகளும் கொண்டுவர வேண்டும். அந்தக் கல்லூரியின் திடலிலேயே அளந்து, அடுத்த நாள் வகுப்பில் மாணவர்களையே கணக்குப் போட வைக்க வேண்டும். 1977இல் தொடங்கப்பட்ட தேசியக் கறுப்பின இயற்பியலாளர் சங்கமும் 1996இல் தொடங்கப்பட்ட தேசிய ஹிஸ்பானிக் இயற்பியலாளர் சங்கமும் நடத்தும் மாநாடுகளில் புவி இயற்பியலுக்கென்று ஒரு மேசையும், அங்கே உட்காரத் தன் பாதையைத் தானே சொல்லக்கூடிய ஒரு முதுநிலை மாணவரும் இருக்க வேண்டும். பேச்சு முடிந்து கிளம்புவதற்குள், பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிற இயற்பியல் பேராசிரியரின் கையில் விண்ணப்பத் தேதிகளை எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.